பெடலுக்கு முன்னால் பிரேக்

அன்புள்ள கண்ணு,

பாப்பாவுக்குப் பேட்டரி ஜீப் வாங்கலாமா, இல்லை பெடலே இல்லாத அந்தக் குட்டி சைக்கிளை வாங்கலாமா என்று இரண்டு படத்தையும் அனுப்பி, "எதும்மா நல்லது, சீக்கிரம் சொல்லு, ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோட முடியுது" என்று கேட்டிருந்தாய். ஃபோனில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். சைக்கிளை வாங்கு, ஜீப் வேண்டாம். ஆனால் ஏன் என்று நீ கேட்பாய், மருமகளும் கேட்பாள், எனக்கும் இந்த விஷயத்தில் சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஜீப்பை நான் குறை சொல்லவில்லை. போன தடவை உங்கள் அடுக்குமாடிக்கு வந்திருந்தபோது கீழே பார்க்கிங்கில் பிள்ளைகள் ஓட்டியதைப் பார்த்தேன். விளக்கு எரிகிறது, பாட்டு பாடுகிறது, பெரியவர்கள் நடக்கிற வேகத்துக்குத்தான் போகிறது, ரிமோட் அப்பா கையில் இருக்கிறது. பிள்ளை தூணில் முட்டப் போனால் அப்பா பட்டனை அமுக்கி நிறுத்திவிடுகிறார். பிள்ளை ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்ப, வண்டி ரிமோட் சொல்கிற பக்கம் போகிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வண்டி ஏன் போனது, ஏன் நின்றது என்று அந்த உடம்புக்கு ஒன்றுமே தெரிவதில்லை. காலால் அமுக்கினால் போகிறது, காலை எடுத்தால் தானாக நிற்கிறது. நிறுத்துவது என்று தனியாக ஒரு வேலை இருக்கிறது என்பதே தெரியாமல் பிள்ளை வளர்கிறது. குன்னூரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. சென்னை மாதிரி சமதரையில் வண்டியைப் போக வைப்பதுதான் வித்தை. இங்கே போவதற்கு யாரும் ஒன்றும் செய்யவேண்டியதில்லை, சக்கரம் உள்ள எதையும் தரையில் வைத்தால் அதுவே கிளம்பிவிடும். பிடித்து நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது.

உனக்கு நினைவு தெரியும்போது தாத்தா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அதனால் அவருடைய வேலை என்ன என்று உனக்குச் சரியாகத் தெரியுமோ தெரியாது. அவர் மலை ரயிலில் பிரேக்ஸ்மேன். நம் ரயிலில் எஞ்சின் எப்போதும் மேட்டுப்பாளையம் பக்கத்தில்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று எல்லாப் பெட்டிகளையும் தாங்கிக்கொண்டு இறங்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருப்பதைப் பார்த்திருப்பாய், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறி இறங்குகிறது. அங்கே சரிவு ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி. ரயில் என்று பார்த்தால் அது பயங்கரமான சரிவு. அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். பெட்டியின் முன்னால் இருக்கிற சின்னத் திண்ணை மாதிரியான இடத்தில் கொடியோடு நிற்பார்கள். எஞ்சினிலிருந்து விசில் வந்ததும் அவரவர் பெட்டிக்கு அவரவர் பிரேக் போடவேண்டும், எடுக்கவேண்டும். 1899இல் குன்னூர் வரை ரயில் வந்த நாளிலிருந்து இந்தப் பாதையில் இறங்கி வருவதுதான் பெரிய வேலை. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தபோது எல்லாரும் எஞ்சினைப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்தத் திண்ணையில் நிற்கிற மனிதர்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

அப்படிப்பட்டவர் வீட்டில் நாங்கள் நான்கு பிள்ளைகள். வீட்டு வாசலிலிருந்து ரோடு வரைக்கும் ஒரே இறக்கம். உன் இரண்டு மாமாக்களும் சும்மா இருப்பார்களா?

பேரிங் வண்டி என்று உனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அது எப்படிச் செய்தது என்று முழுசாகச் சொன்னதில்லை. லாரிப் பட்டறையில் தேய்ந்துபோன பேரிங்குகளைக் கழற்றி ஒரு மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். பெரிய மாமா பட்டறைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கடைக்குப் போய் வந்து, எப்படியோ நல்லபடி சுற்றுகிறதாக மூன்றைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அதை மண்ணெண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் உள்ளே இருக்கிற கறுப்புக் கிரீஸை எல்லாம் தேய்த்து எடுத்து, விரலில் மாட்டி ஒரு சுண்டு சுண்டினால் விர்ரென்று சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் வந்தால்தான் பேரிங் தயார். உட்காருகிற பலகைக்குத் தேயிலைப் பெட்டி. அப்போதெல்லாம் தேயிலைத்தூளை ஓரத்தில் தகரப் பட்டை அடித்த பிளைவுட் பெட்டிகளில்தான் அனுப்புவார்கள், உடைந்த பெட்டி எங்கேயாவது கிடைக்கும். பிளைவுட் தனியாக நின்றால் வளையும், அதனால் அடியில் கற்பூர மரக் கட்டை இரண்டு நீளவாக்கில் வைத்து ஆணி அடிப்பார்கள். பின்னால் ஒரு குறுக்குக் கட்டை, அதன் இரண்டு முனையையும் கத்தியால் செதுக்கிச் செதுக்கி, பேரிங்கின் உள்வட்டத்துக்குள் இறுக்கமாகப் போகிற அளவுக்குக் கொண்டுவந்து, கல்லால் தட்டி ஏற்றுவார்கள். செதுக்கியது கொஞ்சம் அதிகமாகிவிட்டால் பேரிங் ஆடும், சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கவேண்டும். முன்னால் ஒற்றைப் பேரிங், அது மாட்டிய கட்டையை நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் நிறுத்தியிருப்பார்கள், அந்தக் கட்டையின் இரண்டு முனையிலும் காலை வைத்துத் திருப்பினால் அதுதான் ஸ்டியரிங். தார் ரோட்டில் அது இறங்குகிற சத்தம் இருக்கிறதே, பல் கூசும், தெருவே கத்தும். பொழுது சாய்ந்த பிறகு இறங்கினால் பேரிங் ரோட்டில் உரசுகிற இடத்தில் பொறி பறக்கும். அதற்காகவே மாமா இருட்டுகிற நேரமாகப் பார்த்துக் கிளப்புவார்.

தாத்தா திட்டவில்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் ஆச்சரியம் அதுதான். அந்த வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு பேரிங்கையும் சுற்றிப் பார்த்து, போல்ட்டை ஆட்டிப் பார்த்து, "எல்லாம் சரி, பிரேக் எங்கடா?" என்று கேட்டார். காலைத் தரையில் தேய்த்தால் நிற்கும் என்றார் சின்ன மாமா. செருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டுவிட்டு தாத்தா உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். பிரேக் இல்லாமல் வண்டி ரோட்டுக்குப் போகக்கூடாது என்று அவர் சொல்லவே தேவையில்லை. மறுநாள் இரண்டு பேரும் பலகையின் பக்கவாட்டில் ஒரு கட்டையை ஆணி அடித்து, அதன் கீழ் முனையில் லாரி டயர்த் துண்டை வைத்து, மேல் முனையைக் கையால் இழுத்தால் டயர் ரோட்டில் அழுந்துகிற மாதிரி செய்தார்கள். தாத்தா அதில் தானே உட்கார்ந்து பார்த்தார். ஆறடி மனிதர் அந்தக் குட்டிப் பலகையில் முழங்காலை நெஞ்சுவரை மடக்கிக்கொண்டு, வாசல் இறக்கத்தில் நாலு முழம் போய் இழுத்து நிறுத்தி, இன்னும் நாலு முழம் போய் இழுத்து நிறுத்தி, அப்புறம் எழுந்து துடைத்துக்கொண்டு, "ஒரே பக்கம் பிடிச்சா வண்டி அந்தப் பக்கம் சுத்தும், இன்னொரு பக்கமும் போடு" என்றார். போட்டார்கள்.

என்னை அவர்கள் பின்னால்தான் உட்கார வைப்பார்கள். பொட்டைப்புள்ள ஸ்டியரிங் பிடித்தால் கவிழ்த்துவிடும் என்பது மாமாக்களின் முடிவு. தாத்தாதான் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், "அவளை முன்னாடி விடு" என்றார். முன்னால் உட்கார்ந்தால் ரோடு முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. தாரில் பதிந்த ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் கிளம்பினேன், வேகம் கூடுவதற்கு முன்பே இரண்டு கையாலும் இழுத்தேன், நின்றது. மறுபடியும் விட்டேன், நின்றது. மாமாக்கள் பின்னாலிருந்து கேலி பண்ணினார்கள், ஆமை போகுது என்றார்கள். வீட்டுத் திருப்பத்துக்குக் கீழே கவாத்து வெட்டின தேயிலைக்குள் சின்ன மாமா எத்தனையோ தடவை வண்டியோடு போய் விழுந்திருக்கிறார். கவாத்து வெட்டின செடியின் குச்சி குத்தினால் எப்படி இருக்கும் என்று அவர் காலில் இருக்கிற தழும்பைக் கேள். நான் ஒரு தடவையும் விழவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

இந்த இடத்தில் தமிழ் டீச்சர் தலை காட்டுகிறேன், பொறுத்துக்கொள். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் என்று பள்ளியில் படித்திருப்பாய். முதல் ஏழும் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றுதான். கடைசி மூன்றில் பிரித்துவிடுவார்கள். ஆண் பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். அதாவது சக்கரம் வைத்தது எதுவானாலும் பையனுக்கு, பெண்ணுக்கு ஊஞ்சல். ஊஞ்சல் நல்ல விளையாட்டுதான், ஆனால் அது கிளம்பின இடத்துக்கே திரும்பி வருகிறது. வருஷா வருஷம் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு தாத்தா காக்கிச் சட்டையோடு நின்று "அவளை முன்னாடி விடு" என்று சொன்னது காதில் கேட்கும். பாப்பாவுக்குப் பிங்க் கலரில் கூடை வைத்துத்தான் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னால் நீ தலையாட்டிவிட்டு வராதே. கலர் எதுவாக இருந்தால் என்ன, சீட் உயரத்தைப் பார்.

தேர் என்றதும் ஞாபகம் வந்தது. தந்தி மாரியம்மன் தேருக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது, நீ சாமியைப் பார்க்காமல் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். வடம் பிடிக்க ஊரே வரும். முட்டுக்கட்டைக்குத் தெரிந்தவர்கள் மட்டும்தான் போவார்கள். தேரை நிறுத்துவதும் அதுதான், திருப்புவதும் அதுதான்.

சைக்கிள் எனக்குக் குன்னூரில் வரவில்லை, மேட்டுப்பாளையத்தில் வந்தது. அங்கே அத்தை வீட்டுத் தெருவில் வீட்டுக்கு ஒரு சைக்கிள் நிற்கும். இங்கே தெருவுக்கு ஒன்று பார்ப்பதே அபூர்வம், பால்காரரும் தபால்காரரும்கூட நடைதான். லீவுக்குப் போனால் மணிக்கணக்கில் வாடகை சைக்கிள். கடைக்கு வெளியே வரிசையாக நம்பர் எழுதி நிற்கும். எல்லாம் பெரியவர்கள் ஓட்டுகிற கறுப்பு சைக்கிள், சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது, அதனால் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல். உடம்பு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு அரைப்பெடல் அரைப்பெடலாகப் போகவேண்டும். அத்தை பிள்ளைகள் எல்லாரும் என்னைவிட வேகமாக மிதித்தார்கள். ஆனால் தெருமுனையில் மாடு குறுக்கே வந்தால் அவர்கள் குதித்துவிடுவார்கள், சைக்கிள் தனியாகப் போய் விழும். நான் பிரேக் பிடிப்பேன். மிதிக்கத் தெரியாத காலத்திலேயே எனக்குப் பிடிக்கத் தெரிந்திருந்தது. மிதிப்பதை அந்த லீவு முடிவதற்குள் கற்றுக்கொண்டுவிட்டேன், அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை.

இனி உன் கதை. நடக்கப் பழகினபோது உனக்கு நடைவண்டி. பக்கத்து வீட்டு ஆசாரி தாத்தா செய்து கொடுத்த மூணு சக்கர மரவண்டி. சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் டொக்கு டொக்கென்று தள்ளிக்கொண்டு போவாய், வாசற்படி வந்தால் நிறுத்தத் தெரியாது, அதனால் படிக்குக் குறுக்கே எப்போதும் ஒரு பலகை வைத்திருப்போம். அப்புறம் சிவப்புக் கலர் மூணு சக்கர சைக்கிள். அதில்தான் எனக்குப் பயம் அதிகம். ஏனென்றால் அந்த மாதிரி வண்டியில் பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும், செயினும் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றியே தீரும். சமதரையில் அது ஒன்றும் இல்லை. இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்தால் பெடல் காலைத் தட்டிவிட்டுத் தன்பாட்டுக்குச் சுற்றும், பிள்ளை இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு அந்த வண்டியை நிறுத்த உலகத்தில் ஒன்றும் இல்லை. பிரேக்கே வைக்க மாட்டார்கள். அதனால் அதை வீட்டுக்குள்ளே மட்டும்தான் ஓட்ட விட்டோம். ரோட்டில் ஓட்டுவேன் என்று நீ அழுத அழுகை இருக்கிறதே, வெலிங்டன் வரைக்கும் கேட்டிருக்கும்.

உன் முதல் நிஜ சைக்கிள் பிஎஸ்ஏ சேம்ப். அப்பா கோயம்புத்தூரில் வாங்கி பஸ்ஸுக்கு மேலே போட்டுக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார். பர்லியாறு தாண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எட்டி எட்டி மேலே பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் இறக்கும்போது நீ அதைத் தொடவே இல்லை, கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய், பிறகு மணியை மட்டும் ஒரு தடவை அடித்தாய். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தை வெகு நாளைக்குப் பிரிக்க விடவில்லை.

அதில் சைடு வீல் இருந்தது. அதைக் கழற்றிவிடு என்று தாத்தா சொன்னார், அப்பா ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளை விழுந்துவிடும் என்றார். நம் தெரு மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளமான இடத்தில் சைடு வீல் இரண்டும் இரண்டு பக்கத்து மேட்டில் நின்றால் நடுவில் இருக்கிற பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அப்போது மிதித்தாலும் போகாது, பின்பிரேக் பிடித்தாலும் நிற்காது. தாத்தா அதை வாயால் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. சைக்கிளை வாசல் ஓரத்தில் அப்படியே நிறுத்தி, பின்சக்கரத்தை விரலால் சுற்றிக் காட்டினார். அது காற்றில் சுற்றியது. அப்பா மறுபேச்சு பேசாமல் ஸ்பேனரை எடுத்துவந்தார். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது திரும்புகிற பக்கம் உடம்பைச் சாய்க்கவேண்டும். சைடு வீல் அந்தச் சாய்வை விடாது, அதனால் அதில் பழகின பிள்ளை நேர் எதிராகச் சாயப் பழகிவிடும். கழற்றின பிறகு அதை மறக்கடிக்க வேறு பாடுபடவேண்டும்.

சைடு வீலோடு பெடலையும் கழற்றினார் தாத்தா. நீ அதற்கும் அழுதாய், "என் சைக்கிளை உடைச்சிட்டார்" என்று. இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை அப்பா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். வலது பெடல் எல்லா நட்டும் கழல்கிற பக்கமே கழலும், இடது பெடலை அதற்கு மாறாக, கடிகார முள் சுற்றுகிற பக்கம் திருப்பவேண்டும். தெரியாமல் பலம் போட்டால் இன்னும் இறுகிக்கொள்ளும். சீட்டை அடியோடு இறக்கி, உன் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிற மாதிரி வைத்து, பள்ளி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே ஒரு மூலையில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு லேசான சரிவு இருந்தது. தாத்தா அதைப் பந்தை உருட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அங்கேயிருந்து நீ காலால் உந்திக்கொண்டு வருவாய், "தூக்கு" என்றால் காலைத் தூக்குவாய், "பிடி" என்றால் பிரேக் பிடிப்பாய். சாயங்காலம் பனி இறங்கி எதிரே கோல்போஸ்ட் மறைகிற வரைக்கும் அதே விளையாட்டு. பெடல் மாட்டின அன்றைக்கு உன்னை யாரும் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. நீ பாட்டுக்குப் போனாய்.

இப்போது நீ படம் அனுப்பியிருக்கிற பெடல் இல்லாத சைக்கிளும் அதேதான், கடையில் பெயர் வைத்து விற்கிறார்கள். புதுசும் இல்லை. சைக்கிள் என்ற வண்டியே முதலில் அப்படித்தான் வந்தது. 1817இல் ஜெர்மனியில் மான்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தில் செய்து ஓட்டிக் காட்டிய இரண்டு சக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது, உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்திப் போவதுதான். பெடல் வைத்த சைக்கிள் பாரிஸில் பரவியது 1860களில். அத்தனை வருஷம் பெரியவர்களே அப்படித்தான் போயிருக்கிறார்கள், பாப்பா போவதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

நான் வேலை பார்த்த பள்ளியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்க சைக்கிள் கொடுத்த நாட்களையும் சொல்லவேண்டும். 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய திட்டம், பிறகு எல்லாருக்கும் வந்தது. நம் மலையில் அதை வைத்து என்ன செய்வது என்று ஊரில் பலரும் கேட்டார்கள், கேட்டதில் நியாயமும் இருந்தது. காலையில் மேலே இருக்கிற ஹட்டிக் கிராமங்களிலிருந்து இறங்கி வரலாம், சாயங்காலம் புத்தகப் பையோடு சைக்கிளையும் சேர்த்து மேலே தள்ளிக்கொண்டு போகவேண்டும். சில வீடுகளில் சமவெளியில் இருக்கிற சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் சைக்கிளை வாங்கின அன்றைக்கு மைதானத்தில் வட்டம் வட்டமாக ஓட்டினார்களே, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கேரியரில் ஏற்றிக்கொண்டு, அதைப் பார்த்தவர்கள் அது வீண் என்று சொல்ல மாட்டார்கள். அவர்களில் ஓட்டத் தெரியாதவர்கள் நிறைய. பதினாறு வயதில் முதல் தடவை சைக்கிளில் ஏறுகிற பிள்ளைக்கு உடம்பு கூசும், பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று வெட்கம் வரும். மூணு வயதில் அந்த வெட்கம் கிடையாது. அதனால்தான் இப்போதே வாங்கு என்கிறேன்.

வாங்கும்போது இதையெல்லாம் பார்த்துக்கொள். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினால் பாப்பாவின் பாதம் முழுசாகத் தரையில் படவேண்டும், முழங்கால் கொஞ்சம் மடங்கியும் இருக்கவேண்டும். இரண்டு வருஷத்துக்கு வரட்டும் என்று பெரியதாக வாங்காதே, கால் எட்டாத சைக்கிளில் பயம்தான் வரும். 12 இஞ்ச் சக்கரம் போதும். வண்டி எடை குறைவாக இருக்கட்டும், விழுந்தால் அவளே தூக்கி நிறுத்தவேண்டும். கைப்பிரேக் இருந்தால் அதன் லிவர் அவள் விரலுக்கு எட்டுகிறதா, அவள் பலத்துக்கு அமுங்குகிறதா என்று கடையிலேயே அவளை விட்டுப் பிடிக்கச் சொல். நீ பிடித்துப் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. அந்த வயதில் பல பிள்ளைகளுக்கு விரலில் அவ்வளவு பலம் இருக்காது, அப்போது கால்தான் பிரேக், அதனால் அடி வழுக்காத ஷூ போட்டுவிடு, செருப்போடு விடாதே. ஹெல்மெட் கட்டாயம். தாடைக்கடியில் வாரை இறுக்கிய பிறகு உன் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இடம் இருக்கவேண்டும்.

பார்க்கிங்கில் ஓட்டினால் கார் எடுக்கிற நேரம் வேண்டாம், பின்னால் எடுக்கிறவருக்கு அவ்வளவு குள்ளமாக ஒரு பிள்ளை வருவது கண்ணாடியில் தெரியாது. முதல் கொஞ்ச நாளைக்கு அவள் சைக்கிளை வைத்துக்கொண்டு நடக்க மட்டும் செய்வாள், உட்காரவே மாட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓட்டுகிறதே என்று அவசரப்படுத்தாதே. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடாதே, நீ பிடித்தால் அவளுக்குத் தடுமாறத் தெரியாது. போகச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக் கொடு. சாக்பீஸில் தரையில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் வந்து நில்லு என்று விளையாடினால் போதும். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் அன்றைக்கு லீவு விடு. நீ பெரிய சைக்கிள் ஓட்டினபோது மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கி என்ன பாடு படுத்தியது என்று உனக்கே தெரியும். பிளாக் பிரிட்ஜ் இறக்கத்துக்கு ரொம்ப முன்னாலிருந்தே லேசாகப் பிடித்துப் பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு இறங்கு என்று தாத்தா உனக்குச் சொல்லிக்கொடுத்தாரே, அதை அவள் பெரியவளானதும் நீ சொல்லிக்கொடு. முன்பிரேக்கை மட்டும் இறக்கத்தில் வெடுக்கென்று பிடித்தால் தலைகுப்புறத் தூக்கிப் போடும் என்பதையும்.

மருமகளிடம் சொல், அவள் பயப்படுவதில் தப்பில்லை. முழங்கால் சிராயும். மஞ்சள் வைத்தால் எரிகிறது என்று அழுவாள், நீங்கள் வைத்திருக்கிற மருந்தையே போடுங்கள்.

மே மாதம் வரும்போது சைக்கிளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு வா. பழ கண்காட்சிக் கூட்டம் சிம்ஸ் பார்க் பக்கம் இருக்கும், அந்த நாட்களை விட்டுவிட்டு வந்தால் நல்லது. உங்கள் பார்க்கிங்கில் சரிவே கிடையாது, அதனால் காலைத் தூக்கினால் வண்டி ஏன் போகிறது என்று அவளுக்கு அங்கே தெரியவே தெரியாது. அந்த மைதானத்து மூலை அப்படியே இருக்கிறது, போன வாரம் நடைப்பயிற்சிக்குப் போனபோது பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சின்ன மாமாவுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போதே மூன்று பேரிங்குக்குச் சொல்லி வைத்துவிட்டாராம், பாப்பாவுக்கு ஒரு வண்டி செய்யப் போகிறாராம். பிரேக் இரண்டு பக்கமும் வைத்தால்தான் மைதானத்துக்குள் விடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குக் காலையில் பாப்பாவைச் சுவரோரமாக வெறுங்காலோடு நிற்க வைத்து, கவட்டையிலிருந்து தரை வரைக்கும் டேப் வைத்து அளந்து எனக்கு அனுப்பு. சீட் உயரம் அதைவிடக் கொஞ்சம் கம்மியாக இருக்கிறதா என்று நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், அப்புறம் பணத்தைக் கட்டு.

அன்புடன்,
அம்மா
குன்னூர்